பரவியதா, பரப்பப்பட்டதா? 'வைரல்' என்ற சொல் மறைத்து விடுபவை

தமிழ்ச் செய்தித் தளங்களில் 'வைரலாகி வருகிறது' என்ற தொடர் இடம்பெறாத நாளைக் காண்பது இப்போது அரிதாகிவிட்டது. நடிகரின் புகைப்படமும் பாடசாலை மாணவியின் பேச்சும் வைரலாகின்றன. வெள்ளவத்தைக் கடற்கரையில் எவரோ எடுத்த காணொளியும் கொட்டாஞ்சேனைச் சந்தியில் நடந்த வாய்த்தர்க்கமும் வைரலாகின்றன. அதே வரிசையில் ஒரு சமூகத்தவரைப் பற்றிய அப்பட்டமான பொய்யும் வைரலாகிறது. இவை அனைத்தையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டு விட்டு அடுத்த செய்திக்குச் சென்று விடுகின்றோம். தீங்கற்றதாகத் தோன்றும் இச்சொல் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாமல் விடுகிறது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டிய தேவை, வதந்தியால் வீடிழந்தும் உறவிழந்தும் வாழ்ந்து பழகிய இந்நாட்டின் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு மற்றெவரையும் விட அதிகமாகவே இருக்கின்றது.

இலத்தீன் மொழியில் 'வைரஸ்' என்றால் நஞ்சு என்று பொருள். பின்னாளில் அது நோயை உண்டாக்கும் நுண்ணுயிரியின் பெயராயிற்று. 1990களில் வர்த்தக உலகம் அதனை இரவல் வாங்கியது. 1996 ஜூலையில் ஆரம்பிக்கப்பட்ட 'ஹொட்மெயில்' இலவச மின்னஞ்சல் சேவை, தன் பாவனையாளர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் தன்னைப் பற்றிய ஒரு வரி விளம்பரத்தைச் சேர்த்து அனுப்பியது. கடிதம் எழுதியவர் தம்மையறியாமலே அந்நிறுவனத்தின் விற்பனை முகவரானார். ஒன்றரை ஆண்டுக்குள் சுமார் 1 கோடி 20 இலட்சம் பேர் அச்சேவையில் இணைந்தனர். இந்த உத்திக்கு அதன் முதலீட்டாளர்கள் 'வைரல் சந்தைப்படுத்தல்' என்று பெயரிட்டனர். ஆகவே, இச்சொல் இணையத்திற்குள் நுழைந்த போதே தானாக நிகழ்ந்த ஒன்றைக் குறிக்கவில்லை. திட்டமிட்டுப் பரப்பிய ஒன்றையே குறித்தது. திட்டமிட்டவர் மறைந்து போக, பெயர் மட்டும் நிலைத்து விட்டது.

தமிழில் வைரஸ் காய்ச்சலை அறிந்திருந்த நமக்கு 'வைரல்' என்ற வடிவம் சமூக ஊடகங்களோடு வந்து சேர்ந்தது. தமிழில் 'வைரம்' என்ற சொல்லுக்கு இரத்தினம் என்ற பொருளுடன் பகை என்ற பொருளும் உண்டு. பகைவனை 'வைரி' என்பது பழைய வழக்கு. சிங்களத்தில் 'வைரய' என்பது இன்றும் குரோதத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல். வெறுப்புப் பேச்சினை அம்மொழியில் 'வைரீ பிரகாஷ' என்றே குறிப்பிடுகின்றனர். இந்தச் சொற்களுக்கும் ஆங்கில வழி வந்த வைரலுக்கும் வேர்த் தொடர்பு கிடையாது. ஒலி ஒற்றுமை தற்செயலானதே. ஆயினும் இலங்கையின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்தத் தற்செயலைக் கண்டு புன்னகைக்க முடியாது.

பிறமொழிச் சொல்லை எடுத்தாள்வது குற்றமென நாம் வாதிட வரவில்லை. நமது ஆட்சேபம் இலக்கணம் சார்ந்தது. தமிழில் 'பரவுதல்' வேறு, 'பரப்புதல்' வேறு. முன்னதில் செய்பவர் எவருமில்லை. பின்னதில் செய்பவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பரப்பினான் என்றால் 'யார்?' என்ற கேள்வி உடனே எழும். பரவியது என்றால் அக்கேள்வி எழுவதில்லை. 'வைரலானது' என்னும் தொடர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நோய்க்கிருமி யாரையும் கேளாமல் தொற்றுகின்றது. அதன் பெயரைச் செய்திக்குச் சூட்டும் போது செய்தியும் யாரும் அனுப்பாமல் தானே வந்தது போன்ற தோற்றம் உண்டாகிவிடுகிறது. ஆனால் எந்தவொரு செய்தியும் ஒரு மனிதரின் விரல் அழுத்தாமல் அடுத்தவரின் கைத்தொலைபேசிக்குச் செல்வதில்லை. விரலின்றிச் சென்றிருப்பின், அதனை அவ்வாறு செல்லும்படி வடிவமைத்த ஒரு நிறுவனம் பின்னால் இருக்கின்றது.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. இந்நாட்டின் துயர வரலாற்றில் செய்பவரை மறைக்கும் வாக்கியங்கள் எத்தகைய பங்கினை வகித்தன என்பதை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

1958 ஆம் ஆண்டு மே மாத வன்செயல்களின் போது, மட்டக்களப்பில் கற்பித்த பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருவர் தமிழர்களால் குரூரமாகச் சிதைத்துக் கொல்லப்பட்டதாக ஒரு கதை தென்னிலங்கையெங்கும் சொல்லப்பட்டது. பாணந்துறையில் கோயில் அர்ச்சகர் ஒருவர் உயிருடன் எரிக்கப்பட்டார். பின்னர் கல்வி அமைச்சு விசாரித்த போது, பாணந்துறையைச் சேர்ந்த அத்தகைய ஆசிரியை எவரும் மட்டக்களப்பில் பணியாற்றவில்லை என்பது தெரியவந்தது. இதனைப் பத்திரிகையாளர் தார்சி விட்டாச்சி தமது 'எமர்ஜென்சி 58' நூலில் பதிவு செய்துள்ளார். அன்று முகநூலும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. வாயும் காதும் மட்டுமே இருந்தன.

1983 ஜூலையில் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதை அடுத்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொழும்பின் ஏனைய பகுதிகளிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளை அடையாளம் கண்டவர்கள் இருந்தனர். அவ்வாறிருந்தும் அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அதனைச் சிங்கள மக்களின் இயல்பான எதிர்விளைவாகவே நாட்டிற்கு எடுத்துரைத்தார். ஜூலை 29 வெள்ளிக்கிழமை, சற்றுத் தணிந்திருந்த கொழும்பில் புலிகள் நகருக்குள் வந்துவிட்டனர் என்ற வதந்தி கிளம்பிற்று. அலுவலகங்களை விட்டு மக்கள் ஓடினர். வீதியில் அகப்பட்ட தமிழர் பலர் கொல்லப்பட்டனர். இன்றும் நாம் 'கலவரம் வெடித்தது', 'வதந்தி பரவியது' என்றே எழுதிக் கொண்டிருக்கின்றோம். வெடிக்க வைத்தவரும் பரப்பியவரும் அவ்வாக்கியங்களில் இல்லை.

முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் இதே கதை கைத்தொலைபேசியில் திரும்ப நிகழ்ந்தது. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் ஹோட்டலில் உணவருந்திய சிலர், உணவில் ஏதோ கட்டியைக் கண்டு, அது சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டனர். கூட்டம் சூழ்ந்து கொள்ள, சிங்களம் சரிவரத் தெரியாத தமிழ் பேசும் கடைக்காரர் கேள்வி விளங்காமலே தட்டுத்தடுமாறிப் பதிலளித்தார். அச்சத்தில் பிறந்த அந்த அரைகுறைப் பதில் ஒப்புதல் வாக்குமூலமாகக் காணொளியில் பதியப்பட்டு முகநூலில் ஏற்றப்பட்டது. ஹோட்டலும் அருகிலிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் கண்டது வெறும் மாவுக் கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை என ஒன்று மருத்துவ உலகில் கிடையாது.

அறிவிப்பு வருவதற்குள் காரியம் முடிந்து விட்டது. தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் ஆரம்பத்தில் உயிரிழந்த போது, அம்பாறைக் காணொளி அத்துயருடன் பிணைக்கப்பட்டது. திகனையிலும் கண்டி மாவட்டத்தின் பிற இடங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிக்கப்பட்ட வீட்டினுள் முஸ்லிம் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். 1958 இன் இல்லாத ஆசிரியையும் 2018 இன் இல்லாத மாத்திரையும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. பெண்ணின் உடலையும் பிள்ளைப் பேற்றையும் பற்றிய அச்சத்தைத் தொட்டால் எந்தச் சமூகமும் விசாரியாமல் எழும் என்பதை அவற்றைப் புனைந்தவர்கள் நன்கறிந்திருந்தனர்.

2019 மே மாதத்தில் அந்த அச்சு மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. இம்முறை கையிலெடுத்தது சமூக ஊடகமல்ல, சிங்கள நாளிதழ் ஒன்றின் முதற்பக்கம். ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்ததாக, முஸ்லிம் வைத்தியர் ஒருவர் மீது ஆதாரமற்ற குற்றச்சாட்டு பிரசுரிக்கப்பட்டது. குருநாகல் போதனா வைத்தியசாலையில் கடமையாற்றிய வைத்தியர் கைது செய்யப்பட்டு, இரு மாதங்களின் பின்னரே பிணையில் வெளிவந்தார். பின்னாளில் தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை, பொருளாதார நெருக்கடியில் தவித்த 2022 ஆம் ஆண்டில், அத்தியாவசிய மருந்துகள் வாங்குவதற்கென அவர் சுகாதார அமைச்சுக்கே அன்பளிப்புச் செய்தார். குற்றச்சாட்டு சென்றடைந்த கைத்தொலைபேசிகள் அனைத்தையும் இந்தச் செய்தியும் சென்றடைந்ததா என்பதை வாசகர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

அதே மாதம் சிலாபத்தில் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய, அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழ நேரிடும் என்ற பொருள்பட்ட சிறு குறிப்பு, அடுத்த குண்டுத் தாக்குதலுக்கான எச்சரிக்கையாக வாசிக்கப்பட்டது. மறுநாள் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை என வன்முறை தொடர, புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் தமது இடத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அம்பாறையிலும் சிலாபத்திலும் ஆரம்பப் புள்ளி ஒன்றுதான்: ஒருவர் சொன்னதை மற்றவர் புரிந்துகொள்ளவில்லை. அதைப் புரிந்துகொள்ளாமலே இன்னும் பல்லாயிரம் பேருக்கு அனுப்பினர்.

இவ்வாறு நிகழும் என்பதை எவரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 2014 ஜூன் அளுத்கமை வன்செயல்களின் பின்னர் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் சிங்கள முகநூல் பக்கங்களில் நிறைந்திருந்த வெறுப்புப் பேச்சை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருந்தது. 2018 இல் நடந்தவற்றில் தனது தளத்திற்கிருந்த பங்கிற்கு 2020 மே மாதத்திலேயே முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. எச்சரிக்கைக்கும் மன்னிப்புக்கும் இடையில் ஆறு ஆண்டுகள் சென்று விட்டன.

செய்தி தானாகப் பரவுவதில்லை என்பதற்கு நிறுவனங்களே சாட்சி. தமிழகத்தின் திருவண்ணாமலை மாவட்டத்தில் 2018 மே மாதம், கோயிலுக்குச் சென்ற முதிய பெண்ணொருவர் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளை பிடிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவரென ஐயுறப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு இந்தியாவெங்கும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பின்னர், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வட்ஸ்அப் அங்கு வரம்பிட்டது. 2019 ஜனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கப்பட்டது. அதன்பின் அத்தகைய செய்திகளின் கைமாற்றம் 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. ஒரு பொத்தானை மாற்றியதும் தணிந்த ஒன்றை இயற்கையின் தொற்று என்று எப்படி அழைப்பது?

மறுபுறம், முழுப் பழியையும் இயந்திரத்தின் மீது போட்டு விடவும் முடியாது. 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பகிரப்பட்ட சுமார் 126,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்த மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவக ஆய்வாளர்கள், பொய்ச் செய்தி மீள்பகிரப்படும் வாய்ப்பு உண்மைச் செய்தியை விட 70 சதவீதம் அதிகம் என்று 2018 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினர். உண்மை 1,500 பேரைச் சென்றடையப் பொய்யை விட ஆறு மடங்கு நேரம் எடுத்தது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிப் பார்த்த போதும் முடிவு மாறவில்லை. அனுப்பியவர்கள் மனிதர்களே.

நல்லவையும் இவ்வழியே செல்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. 2021 இல் யொஹானி பாடிய 'மெனிகே மகே ஹித்தே' என்ற சிங்களப் பாடல் மொழி தெரியாத கோடிக்கணக்கானோரை எட்டியது. 2022 இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற மக்களின் குரல் காலிமுகத்திடலில் ஒன்றுதிரண்டதில் சமூக ஊடகங்களுக்குப் பெரும் பங்கிருந்தது. அங்கேயும் பாடலை விரும்பிப் பகிர்ந்தவர்களும், அழைப்பினை ஏற்று அடுத்தவருக்கு அறிவித்தவர்களும் இருந்தனர். நன்மையில் தமது பங்கினை உரிமையுடன் சொல்லிக் கொள்ளும் நாம், தீமையில் மட்டும் 'வைரலாகிவிட்டது' என்று ஒதுங்கிக் கொள்வது நேர்மையாகாது.

அரசாங்கங்களோ யார் பரப்பினார் என்ற கேள்விக்கு விடை தேடுவதை விட வாயிலை மூடுவதையே எளிதாகக் கண்டன. 2018 மார்ச்சில் சுமார் ஒரு வாரம் முகநூல் முடக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனை கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் வேறு தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260 இற்கும் மேற்பட்டோர் பலியான வேளையில், தமது உறவினர் உயிருடன் இருக்கின்றனரா என்று அறியத் துடித்தவர்களுக்கு வட்ஸ்அப், வைபர் வழிகள் அடைபட்டுப் போயின. 2022 ஏப்ரலில் மக்கள் போராட்டத்தின் போதும் அதே தடை வந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் வதந்தி இறந்து போவதில்லை. செய்தியறிய வழியின்றி மக்கள் தவித்த 1983 இன் ஊரடங்கு நாட்களில் அது எவ்வளவு செழித்தது என்பதைக் கொழும்புத் தமிழர் அறிவர்.

சட்டம் பாய்ந்த இடங்களும் ஐயத்தைத் தருகின்றன. வெறுப்பைத் தூண்டுவோருக்கு எதிராக 2007 இல் இயற்றப்பட்ட, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் கீழ், கப்பற் சுக்கானின் படம் பொறித்த ஆடையை அணிந்த முஸ்லிம் பெண்ணொருவர், அது தர்மச் சக்கரம் எனக் கருதப்பட்டு 2019 மே மாதம் ஹசலக்கவில் கைது செய்யப்பட்டார். பேனாவையும் விசைப்பலகையையும் ஆயுதமாகக் கொண்டு கருத்தியல் ஜிஹாத் செய்ய வேண்டுமென எழுதிய ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர், ஜிஹாத் என்ற ஒரு சொல்லுக்காக 2020 இல் ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2024 ஜனவரியில் 108 இற்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 'பொய்யான கூற்று' எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆணைக்குழுவொன்றிடம் ஒப்படைத்த போது, சிறுபான்மையினர் அஞ்சியதில் நியாயம் இல்லாமலில்லை. பரப்பியவரை விட்டுப் பேசியவரைப் பிடித்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

நமது சங்கப் புலவர்கள் ஊர்ப்பேச்சின் வளர்ச்சியை நுணுக்கமாக அவதானித்தவர்கள். சிலர் தமக்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், பலரறிய வெளிப்படுவதை அலர் என்றும் இரண்டாகப் பிரித்தனர். முணுமுணுப்பை அலராக்குவது ஊரார் வாய்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எவர் சொன்னாலும் மெய்ப்பொருளை ஆராய்ந்து கொள்வதே அறிவென்று வள்ளுவர் வலியுறுத்தினார். நம்பத்தகாதவர் செய்தி கொண்டு வந்தால், அறியாமையினால் ஒரு கூட்டத்தினருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதிருக்கும் பொருட்டு அதனைத் தீர விசாரிக்குமாறு திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகின்றது. காதில் விழுந்ததை எல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமென நபிமொழி எச்சரிக்கிறது. கேள்விப்பட்டது என்பதற்காகவே எதனையும் ஏற்க வேண்டாமென்று காலாமர்களுக்குப் புத்தர் போதித்தார். இந்நாட்டின் சமூகங்கள் இந்த ஒரு விடயத்தில் ஒரே பாடத்தைப் பெற்றிருக்கின்றன.

பாடம் இருந்தும் பழக்கம் வேறாகவுள்ளது. திகனையில் நடந்ததைக் கண்டு மனம் வெதும்பிய முஸ்லிம் வாசகரின் குழுவிலும், ஆடி 1983 ஐ மறவாத தமிழ் வாசகரின் குழுவிலும், ஒருவரையொருவர் இழிவுபடுத்தும் ஊர்பேர் தெரியாத குரற்பதிவுகள் வந்து விழுகின்றன. வதந்தியால் பாதிக்கப்பட்ட சமூகம் என்ற காரணத்தினால் வதந்தியைக் கடத்தாத சமூகமாகி விட முடியாது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தொடர்மாடியில், ஒரே மொழி பேசி வாழ்கின்றனர். ஒருவர் அனுப்பிய பொய்யின் விளைவை மறுநாட்காலை மின்தூக்கியில் அடுத்த வீட்டுக்காரரின் முகத்திலேயே காண நேரிடும்.

ஊடகங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. 'வைரலாகிறது' என்று எழுதும் முன் யார் முதலில் வெளியிட்டார், எப்போது, எங்கே எடுக்கப்பட்டது, சம்பந்தப்பட்டவர் என்ன சொல்கின்றார் என்று விசாரித்து எழுதுவது பழைய பத்திரிகைத் தொழிலின் முதற்பாடம். விடை கிடைத்தால் 'பரப்பப்பட்டது' என்றும், பெயர் உறுதியானால் 'பரப்பினார்' என்றும் எழுதலாம். விடை கிடைக்காவிடின், பலர் பார்த்தார்கள் என்பது மட்டும் ஒன்றைச் செய்தியாக்கிவிடாது. குற்றச்சாட்டுக்கு முதற்பக்கமும் மறுப்புக்கு உட்பக்க மூலையும் ஒதுக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். அரசு தடை போடுவதற்குப் பதிலாக, உண்மையை அதே மணித்தியாலத்தில் சிங்களத்திலும் தமிழிலும் அறிவிக்கும் ஏற்பாட்டினைச் செய்ய வேண்டும். அம்பாறை ஹோட்டலில் அன்றிரவு இரு மொழியும் தெரிந்த ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கேள்வியைத் தமிழில் கேட்டிருந்தால், அந்தக் காணொளிக்கு வேலையே இருந்திருக்காது.

வாசகர்களிடம் நாம் வேண்டுவது இன்னும் சிறியது. ஒரு சமூகத்தின் மீது கோபமூட்டும் காணொளி கைக்கு வரும் போது, அது இதுவரை எத்தனை பேரிடம் சென்றது என்பதை விட்டு, அடுத்தவரிடம் அதனைக் கொண்டு செல்லப் போவது யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் ஒரே விடைதான் உள்ளது. அவ்விடையை மனதிற் கொண்டு விரலைச் சற்றுத் தாமதிப்பார்களாயின், 1958 இலும் 1983 இலும் 2018 இலும் காப்பாற்ற முடியாமற் போன அயலவரை இனியேனும் காப்பாற்ற இயலும்.